முதலாளியம்மாவின் எடை

தெருமுனையில் லாரி திரும்பும் சத்தத்தை வைத்தே அதில் எத்தனை மூட்டை சிமெண்ட் இருக்கிறது, எந்த மூட்டையில் ஒரு கைப்பிடி குறைகிறது என்று சொல்லிவிடுவார் கிராம். ஒருமுறை கடை வாசலில் நின்று பலமாகத் தும்மிய ஆளைப் பார்த்து, "இப்போ கொஞ்சம் குறைஞ்சிட்டீங்க சார்" என்று சொன்னதோடு, எவ்வளவு குறைந்தது என்பதையும் சொன்னாராம். இதில் பாதி புளுகு, ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதியையும் சூடாக விழுங்க வேண்டாம், கொஞ்சம் ஆறவைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு சோப்புக்கட்டியையோ ஒற்றைச் செருப்பையோ கையில் வாங்கிக் கண்ணை மூடி அவர் ஒரு எண்ணைச் சொல்ல, பிறகு தராசில் வைத்துப் பார்த்தால் நூலிழைதான் வித்தியாசம் இருக்கும். அது மட்டும் சத்தியம். கிராம் என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டதுதான். பெற்றவர்கள் வைத்த பெயர் கரண்ட் பில்லில் மட்டும் உயிரோடு இருந்தது.

தராசு ரிப்பேர் அவருடைய தொழில். செருப்புத் தைக்கும் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டிய ஒரு கடை. பழக்கடையின் தண்ணீர் புகுந்த தராசு, நகைக்கடையின் கண்ணாடிக் கூண்டுத் தராசு, பழைய இரும்புக் கடையிலிருந்து நாலு பேர் தூக்கிவந்த மேடைத் தராசு, பிரசவ ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகளை நிறுக்கும் தொட்டில் தராசு, எல்லாம் அங்கே வந்து வயிற்றைத் திறந்துகொண்டு படுத்திருக்கும். மேசையின் ஓரத்தில் வெல்வெட் பதித்த மரப்பெட்டி. அதற்குள் அவருடைய சோதனை எடைக்கற்கள் பெரிதிலிருந்து சிறிதாக வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவற்றை அவர் விரலால் தொடமாட்டார், இடுக்கியால்தான் எடுப்பார். விரலின் பிசுக்கும் எடைதான் என்பார்.

மனிதர்களையும் அவர் இடுக்கியால்தான் தொட்டார் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் அவருடைய மனைவி சொன்னது இன்னும் மோசம்.

"உங்ககிட்ட பேசுறதும் ஸ்டேஷன்ல எடை மெஷின் மேல ஏறி நிக்கிறதும் ஒண்ணுதான். ஏறி நின்னா ஒரு நம்பர் வரும். வேற ஒண்ணும் வராது."

அவர் கையிலிருந்த ஸ்க்ரூவை இன்னும் ஒரு சுற்று முறுக்கினார். சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் என்றால் திட்டுவதற்காகவாவது நாலு வார்த்தை மிச்சம் இருக்கும். இவர்களுக்கு அதுகூட இல்லை. மனைவி நகரத்தின் மறுபக்கத்தில் வாடகைக்கு வீடு பிடித்து, பள்ளிக்கூடம் போகும் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வீட்டுக்காரருக்கு மிருகம் என்றாலே ஆகாது. அதனால் முதலாளியம்மா மட்டும் இவரிடம் தங்கிவிட்டார்.

முதலாளியம்மா ஒரு கினிப் பன்றி. பன்றி என்றதும் பயப்பட வேண்டாம். கடவுள் எலியைச் செய்து முடித்து முயலைத் தொடங்கும்போது கண்ணசந்து போனதால் நடுவில் நின்றுவிட்ட பிராணி அது. வால் கிடையாது, காது ரோஜா இதழ் மாதிரி மடிந்திருக்கும், உடம்பு ஒரு சின்னத் தலையணை. பழுப்பும் வெள்ளையுமான முடி எல்லாப் பக்கமும் சுழித்துக்கொண்டு, இப்போதுதான் தூங்கி எழுந்து யாரையோ திட்டப்போகிற தோற்றம். பிளாஸ்டிக் பை எங்கே கசங்கினாலும் வெள்ளரிக்காய்தான் என்று நினைத்து வீடு அதிரக் கூவும். கொஞ்சம் தாமதமானால் கூண்டுக் கம்பியைப் பல்லால் பிடித்து உலுக்கும். "சம்பளம் குடுக்காம வேலை வாங்குற முதலாளியம்மாப்பா இது" என்று மகள்தான் பெயர் வைத்தாள். வீடே அதற்கு மரியாதை கொடுத்துத்தான் பேசும். நானும் அப்படியே எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் மகள் வருவாள். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கீழே கடையில் இருப்பவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். நேராக மாடிக்கு ஏறி, கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவாள். வைக்கோல் மாற்றுவாள், நகம் பார்ப்பாள், வெள்ளரியைச் சீவுவாள், பள்ளிக்கூடக் கதை எல்லாவற்றையும் முதலாளியம்மாவிடம் சொல்லுவாள். கிராம் ஏதோ ஸ்க்ரூ தேடுவது மாதிரி மாடிப்படியில் உட்கார்ந்து, அந்தக் கதைகளை ஒட்டுக் கேட்பார். எந்த டீச்சர் எப்படி, எந்தத் தோழியோடு பேச்சு நின்றுபோனது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்தது அந்தப் படியில்தான். மாலை ஆனதும் இன்னொரு தலையசைப்பு. பஸ் ஏறிவிடுவாள்.

எடை பார்க்கத் தெரிந்தவருக்கு இந்தக் கணக்கும் தெரியாதா? அவள் வருவது தன்னைப் பார்க்க அல்ல. கூண்டில் இருப்பவர் இருக்கும்வரைதான் ஞாயிற்றுக்கிழமை. அவர் போய்விட்டால் அதுவும் போய்விடும்.

அந்த முதலாளியம்மாதான் ஒரு ஞாயிறு வெள்ளரியை மோந்துகூடப் பார்க்காமல் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்தார். சிறுநீர் கழிக்கும்போது மெலிதாகக் கத்தினார். மகள் அடியில் கிடந்த வைக்கோலை விலக்கிப் பார்த்தாள். ரத்தம்.

மிருக ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, மூத்திரப்பையில் கல் என்றார். வயிற்றைத் திறந்து எடுத்தாயிற்று. எடுத்த கல்லைக் குட்டிப் புட்டியில் போட்டுக் கையில் கொடுத்தபோது, கிராம் அதை உள்ளங்கையில் வைத்து லேசாக ஆட்டி, "ரெண்டு கிராம்கூட இல்ல" என்றார். மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நிறுக்க அவரிடம் தராசு இருக்கவில்லை.

டாக்டரம்மா நிறையச் சொன்னார். மரத்தூள் போடக்கூடாது, தையலில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைத் துண்டு விரித்து அதில் விடுங்கள். தானாகச் சாப்பிடும்வரை வைக்கோல் பொடியை வெந்நீரில் குழைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். இதற்கு வயிறு காலியாக இருக்கவே கூடாது, குடல் நின்றுபோகும். "வலிச்சா காட்டிக்காது சார். காட்டினா வேற மிருகம் வந்து தூக்கிட்டுப் போயிடும்னு அதோட ரத்தத்துலயே எழுதியிருக்கு. அதனால நாமதான் கவனிக்கணும். உள்ள போறதையும் பாருங்க, வெளிய வர்றதையும் பாருங்க. தினமும் எடை போடுங்க."

இவ்வளவில் கடைசி மூன்று வார்த்தைகள் கிராமின் காதுக்குள் தனக்கென்று செய்துவைத்த இடத்தில் போய் உட்கார்ந்தன. மற்றவை நின்றுகொண்டே பயணம் செய்தன.

பஸ் ஸ்டாப்பில் மகள் சொன்னாள்: "தினமும் காலைல எடை அனுப்புங்க. மறந்துடாதீங்க."

"எடையை மறப்பேனா?"

மறுநாளே அந்தத் தெருவில் இல்லாத வைபவம் நடந்தது. கடையிலேயே நல்ல தராசு எதுவோ அதைத் துடைத்து, ரசமட்டக் குமிழ் நடுவில் வந்து நிற்கும்வரை காலைத் திருகி, மேலே ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்து, தொட்டியின் எடையைக் கழித்து, சோதனைக் கல்லால் மூன்று முறை சரிபார்த்து, பிறகுதான் முதலாளியம்மாவை எழுந்தருளச் செய்தார். ஃபேனை நிறுத்தினார். காற்று பட்டால் எண் ஆடுமாம். ஜெராக்ஸ் கடைக்கார அம்மாள், அவரைத் தெருவே ஜெராக்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடும், கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தார்.

"ஏன் தம்பி, தங்கத்துக்குக்கூட இவ்வளவு பண்ண மாட்டியே?"

"தங்கம் மூச்சு விடாதுக்கா. இது விடுது. மூச்சுக்கு மூச்சு நம்பர் மாறுது."

"அப்போ மூச்சைப் புடிச்சுக்கச் சொல்லேன் உங்க முதலாளியம்மாவை!"

எண்ணூற்றுச் சொச்சம். மகளுக்கு அனுப்பினார். எண் மட்டும்.

அன்றிலிருந்து அவருடைய நாள் துண்டும் சிரிஞ்சுமாக ஆனது. முதலாளியம்மாவைத் துண்டில் பொதிந்து மடியில் வைத்துக்கொள்வார். மூக்கு மட்டும் வெளியே. சிரிஞ்சு கடைவாயைத் தொட்டதும் அவர் பல்லை நறநறவென்று கடிப்பார், தலையைத் திருப்புவார், பாதியை இவர் சட்டையில் துப்புவார். மிச்சப் பாதி உள்ளே போக ஒரு தராசைக் கழற்றிப் பூட்டும் நேரம் ஆகும். அது முடிந்து கையைக் கழுவுவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். பழக்கடைக்காரர் இரண்டு தடவை வந்து திட்டிவிட்டுப் போனார். வயிற்றுத் தையலைச் சுற்றி மழித்த தோல் வெளிறிக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கிராமுக்கு, அனுமதி இல்லாமல் யாருடைய கடிதத்தையோ பிரித்துவிட்ட மாதிரி இருந்தது.

எண் இறங்கிக்கொண்டே இருந்தது. காலையில் மகளிடமிருந்து கேள்வி வரும்.

"குறையுதே?"

"ஆபரேஷனுக்கு அப்புறம் குறையும்."

"சிரிஞ்சைக் கடிக்கிறாங்களா?"

"துப்புறாங்க."

"உங்க மேலயா?"

"சட்டையில்."

அதற்கு ஒரு சிரிக்கும் முகம் வந்தது. கிராம் அந்த மஞ்சள் முகத்தை வெகுநேரம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தலையசைப்பு என்று வாழ்ந்த மனிதருக்குத் தினமும் கேள்வி, தினமும் பதில். முதலில் எண் மட்டும் அனுப்பியவர் பிறகு ஒரு வார்த்தை சேர்த்தார், பிறகு ஒரு வாக்கியம். "இன்று வலது பக்கமாகப் படுத்தார்கள்" என்று எழுத அவருக்கு ஒரு டீ ஆறும் நேரம் பிடித்தது. இந்த நோய் இன்னும் கொஞ்சம் நீண்டால்தான் என்ன என்று ஒரு நினைப்பு ஈ மாதிரி வந்து உட்கார்ந்தது. கையை வீசி விரட்டினார். ஈ சுவரில் போய் உட்கார்ந்துகொண்டது, வெளியே போகவில்லை.

பிறகு ஒரு காலை எண் இறங்காமல் நின்றது. மறுநாள் ஏறியது. நன்றாகவே ஏறியது. கிராம் நம்பாமல் தராசைத் தட்டிப் பார்த்து, கல் வைத்துப் பார்த்து, மறுபடியும் முதலாளியம்மாவை வைத்தார். அதே எண்தான்.

அனுப்பினார். வந்த பதில் ஒரே வார்த்தை: "சூப்பர்ப்பா!"

அந்தக் கடைசி எழுத்துகள் இரண்டையும் அவர் பலமுறை படித்தார். ஜெராக்ஸ் கடைக்குப் போய், வேலை எதுவும் இல்லாமல் நின்றார்.

"என்ன தம்பி, பல்லெல்லாம் தெரியுது? லாட்டரியா?"

"எடை கூடியிருக்குக்கா."

"உனக்கா, அதுக்கா?"

"அதுக்கு."

"எனக்கென்னமோ ரெண்டு பேருக்கும்தான்னு தோணுது" என்றார் ஜெராக்ஸ் அக்கா.

அதற்கடுத்த காலையும் எண் ஏறியது. மகள் கைதட்டும் படம் ஒரு வரிசை அனுப்பினாள். ஞாயிறு வரும்போது புது வைக்கோல் வாங்கி வருவதாகச் சொன்னாள். முதலாளியம்மா மூலையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். சிரிஞ்சைக்கூட முன்போல எதிர்க்கவில்லை. பழகிவிட்டார் என்று கிராம் நினைத்தார். உடம்பு தேறினால் சுத்தமும் தானாக வருகிறது என்று அதையும் சேர்த்து நினைத்தார். ஏனென்றால் துண்டுகள் இப்போதெல்லாம் அழுக்காவதே இல்லை.

மகள் வருவதற்கு முந்தின நாள், வீட்டைக் கூட்டி, கூண்டைத் துடைத்து, எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று துண்டை மாற்றப் போனார். பழைய துண்டை உருவி எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது.

துண்டு கனக்கவில்லை. துவைத்து, காயவைத்து, மடித்து வைத்த அன்று எவ்வளவு இருந்ததோ அவ்வளவுதான் இருந்தது. முதல் நாட்களில் அது ஈரத்தில் ஊறி, பிழிய வேண்டிய கனத்தில் வரும். கை பொய் சொல்லாது. ஒரு நாள் முழுக்க முதலாளியம்மா அதன்மேல் இருந்திருக்கிறார், துண்டு துளியும் ஏறவில்லை. துண்டில் ஏறாதது எங்கே ஏறியது?

தராசைத் திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. முதலாளியம்மாவின் அடிவயிற்றில் ஒரு விரலை வைத்தார், இடுக்கியில்லாமல். ஊதிய பந்து மாதிரி இறுகிக் கிடந்தது. அப்போதும் அவர் கத்தவில்லை. கண்ணைப் பாதி மூடிக்கொண்டார்.

டாக்டரம்மா தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "மூத்திர வழி அடைச்சிருக்கு. ரெண்டு மூணு நாளா சொட்டுச் சொட்டாத்தான் போயிருக்கும், இப்போ சுத்தமா நின்னு போச்சு. நீங்க கவனிக்கலையா சார்?"

"எடை ஏறிச்சு" என்றார் கிராம். "தினமும் ஏறிச்சு, டாக்டர்."

"ஏறும் சார். எது ஏறுதுன்னு பார்த்திருக்கணும்."

"நேத்தே கொண்டு வந்திருந்தா?"

டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார். "நேத்துன்னா கொஞ்சம் வசதியா இருந்திருக்கும். அவ்வளவுதான் சொல்வேன். குழாய் போட முடியுதான்னு பார்க்கிறேன். மறுபடியும் திறக்கிற அளவுக்கு அதுக்குத் தெம்பு இல்ல. வீட்டுல யாருக்காவது சொல்லணும்னா சொல்லிடுங்க."

வெளியே பிளாஸ்டிக் நாற்காலி வரிசை. கழுத்தில் கூம்பு மாட்டிய நாய் ஒன்று, தன் எஜமானரின் காலில் அந்தக் கூம்பை இடித்து இடித்து விளையாடிக்கொண்டிருந்தது. கிராம் கைபேசியை எடுத்தார். காலையில் மகள் அனுப்பிய கைதட்டல்கள் இன்னும் மேலேயே இருந்தன. பொய் சொல்ல வழி இருந்தது. திடீரென்று ஆகிவிட்டது, யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றால் யார் கேட்கப் போகிறார்கள்? அப்படிச் சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றிரண்டாவது தங்கலாம். அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே விரல் அழுத்திவிட்டது.

"அப்பா? என்ன போன்லாம் பண்றீங்க?" மகளின் குரலில் உடனே பயம் வந்துவிட்டது. அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"ஆஸ்பத்திரில இருக்கேன். முதலாளியம்மாவுக்கு முடியல. மூத்திரம் அடைச்சுக்கிச்சு."

"எப்போலேருந்து?"

"எடை ஏற ஆரம்பிச்சதே அதனாலதான். நான் கவனிக்கல. துண்டு காஞ்சு கிடந்ததைப் பார்த்தேன், சுத்தமா இருக்குன்னு நினைச்சேன். நம்பரை மட்டும்தான் பார்த்தேன்."

தூரத்தில் அவள் அம்மா யார் போனில் என்று கேட்பது காதில் விழுந்தது.

"அப்போ நீங்க எனக்கு அனுப்பினது..." மகள் நிறுத்தினாள். "மூத்திரத்தோட வெயிட்டாப்பா? அதுக்கா நான் கை தட்டினேன்?"

அவர் ஆமாம் என்றார்.

"நீ வரியா?" என்று கேட்டார். "டாக்டரம்மா வரச் சொன்னாங்க" என்று, டாக்டரம்மா சொல்லாததையும் சேர்த்துக்கொண்டார்.

"நான் வரல" என்றாள். அழுகிறாளா கோபமா என்று அவரால் பிரிக்க முடியவில்லை. "எனக்குப் பார்க்க வேணாம்."

போன் நின்றது.

உள்ளே குழாய் பாதி தூரம்தான் போனது. முதலாளியம்மா ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. வாழ்நாள் முழுக்க வெள்ளரிக்காகக் கூரையைப் பிய்த்தவர் கடைசியில் ஒரு முனகல்கூட இல்லாமல், டாக்டரம்மாவின் கைகளுக்கு அடியிலேயே போய்விட்டார். டாக்டரம்மா ஒரு சுத்தமான துணியில் சுற்றிக் கொடுத்தார்.

கிராம் பஸ்ஸில் அந்தப் பொதியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பக்கத்து இருக்கையில் இருந்தவர் என்ன சார் ரொட்டியா என்று கேட்டார். கிராம் ஆமாம் என்று தலையாட்டினார். கையில் எதை வைத்தாலும் எண் தானாக வந்துவிடும் அவருக்கு. அன்றும் வந்தது. இந்த எண்ணை அனுப்ப யாரும் இல்லை.

கடைக்குப் பின்னால், சுவரோரம், மண் இருக்கிற ஒரே முழ இடத்தில் குழி தோண்டினார். ஜெராக்ஸ் அக்கா கடையைப் பாதியில் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் நின்றார். எந்தக் கிண்டலும் செய்யவில்லை. அதுதான் கிராமுக்கு நிலைமையின் முழுக் கனத்தையும் காட்டியது.

"பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எப்படி ஆச்சுன்னும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"அதை வேற ஏன்டா சொன்ன?" என்றார் அக்கா. ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழியில் போட்டுவிட்டு, "சொல்லித்தான் இருக்கணும், விடு" என்றார்.

மறுநாள் ஞாயிறு. கிராம் கடையைத் திறக்காமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். ஸ்க்ரூ தேடுவது மாதிரி நடிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. தெருவில் பஸ் நிற்கும் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்தது. மேலே அறையில் யாராவது பிளாஸ்டிக் பையைக் கசக்கினால்கூடக் கூவுவதற்கு ஆள் இல்லை. திங்கள் காலையில் வழக்கமான நேரத்தில் கைபேசியை எடுத்துப் பார்த்தார். கேள்வி வரவில்லை. பழக்கடைத் தராசைப் பூட்டி முடித்து, கல் வைத்துப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தெரிந்தும் மறுபடியும் கழற்றினார்.

ஆனால் பெற்ற பாசம் விடுமா? அடுத்த ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக மகள் ஓடோடி வந்தாள். படியில் உட்கார்ந்திருந்த அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் கண்ணீரில் கடையிலிருந்த தராசெல்லாம் துருப்பிடித்துப்போய், கிராம் ஒரு மாதம் எண்ணெய் போட்டுத் துடைத்தார். அன்றிலிருந்து ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை.

இவ்வளவு நேரம் என் எதிரே உட்கார்ந்து, நான் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்த கிராம், இங்கே கையைத் தூக்கினார்.

"அப்படியெல்லாம் இல்லம்மா. அடுத்த ஞாயிறு வரல. அதுக்கு அடுத்ததும் வரல. ரொம்ப நாள் கழிச்சு ஒரு சாயங்காலம் ஸ்கூல் யூனிஃபார்மோட வந்தா. அவ தோழி ஒருத்தி முயல் வாங்கியிருக்காளாம், கூண்டை அவளுக்குக் குடுக்கணும்னு சொன்னா. கட்டியெல்லாம் பிடிக்கல. அழவும் இல்ல. கூண்டு பெருசு, கதவுல நுழையாது, கழட்டித்தான் எடுக்கணும். நான் கழட்டினேன், அவ ஸ்க்ரூவை வாங்கி வாங்கி கையில வெச்சுக்கிட்டா. பத்து நிமிஷ வேலை அது. இருட்டுற வரைக்கும் கழட்டினேன்."